பத்தாம் ஆண்டின் கணக்கு

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையை முதல் ஆண்டில் இறங்கிய எடையைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது. இறங்கிய எடை பத்தாம் ஆண்டிலும் நிற்கிறதா, அதற்கு உடல் என்ன விலை கொடுத்தது என்பவற்றையும் பார்க்க வேண்டும். இதற்கான இரு முறைகளில், 'ஸ்லீவ்' என்பது இரைப்பையின் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டியெடுத்து, மீதியைக் குழாயாக்குவது. 'பைபாஸ்' என்பது இரைப்பையின் மேல்முனையில் சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு நேரே இணைத்து, எஞ்சிய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் உணவு தொடாமல் செல்ல வைப்பது.

பின்லாந்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் இவ்விரண்டுக்கும் பிரித்து நடத்திய ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2022இல் வெளிவந்தன. இருக்க வேண்டிய அளவுக்கு மேலிருந்த எடையில், ஸ்லீவ் செய்துகொண்டோர் ஏறத்தாழ 44 விழுக்காட்டையும், பைபாஸ் செய்துகொண்டோர் 51 விழுக்காட்டையும் இழந்திருந்தனர். உணவுக்குழாய் அழற்சியோ முன்னவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் பின்னவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. குறுகிய குழாயில் அழுத்தம் கூடி அமிலம் மேலேறுவதே இதற்கு முக்கியக் காரணம். ஆகவே, ஏற்கெனவே நெஞ்செரிச்சலால் அவதிப்படுபவர் எளிய அறுவை என்பதற்காக மட்டும் ஸ்லீவைத் தேர்ந்தெடுப்பது சரியான முடிவன்று.

பைபாஸுக்கும் அதற்கே உரிய விலை உண்டு. இரும்புச்சத்தும் கால்சியமும் பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகின்றன. பி12 வைட்டமினை உடல் ஏற்க இரைப்பைச் சுரப்புகள் வேண்டும். இவ்வழி துண்டிக்கப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ள நேர்கிறது. இறைச்சி உண்ணாதோருக்கு பி12 முன்பே குறைவாக இருக்கக்கூடும் என்பதால், தமிழ்நாட்டின் சைவ உணவுக் குடும்பங்களுக்கு இது கூடுதல் கவனத்துக்குரியது.

திருத்தணி போன்ற மலைக்கோயில் ஊரில் இக்கவனம் வழிபாட்டையும் தொடுகிறது. கிருத்திகை விரதத்தன்று நீரும் குறைத்து மலையேறுபவர் அறுவை செய்துகொண்டவராகி, அவரது இரைப்பை ஒரே மடக்கில் அதிக நீரை ஏற்காததாயின், இழந்த நீரை மாலையில் சேர்த்துக் குடித்து ஈடுசெய்ய இயலாது. வாழைப்பழமும் வெல்லமும் தேனும் கலந்த பஞ்சாமிர்தத்தைச் சற்று அதிகமாக உண்டால், சர்க்கரை சிறுகுடலுக்குள் ஒருசேர இறங்கி, அரைமணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல் தோன்றக்கூடும். இதை மருத்துவர்கள் 'டம்பிங்' என்பர். விரல்நுனியளவு பிரசாதத்தால் தீங்கில்லை. அறுவைக்குப் பின் வாந்தி நாள்கணக்கில் நீடிப்பதுதான் இவற்றைவிடப் பேராபத்து: தயமின் எனும் பி1 வைட்டமின் தீர்ந்து, பார்வை தடுமாறி, நடை குலைந்து, மூளை நிலையாகப் பாதிக்கப்படலாம். அந்நிலையில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதனுடனோ தயமின் கொடுக்கப்பட வேண்டும்.

அறுவை சென்னையில் நடந்தாலும், வாந்தியோடு நோயாளி முதலில் செல்வது உள்ளூர் மருத்துவரிடம்தான். எனவே, செய்யப்பட்ட முறையின் பெயர், ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகள், தொடர வேண்டிய வைட்டமின்கள், வாந்தி நீடித்தால் தயமின் தர வேண்டும் என்ற எச்சரிக்கை ஆகிய அனைத்தையும் தமிழிலும் எழுதிய ஒரு தாளை, வீடு திரும்பும் நாளிலேயே நோயாளியின் கையில் கொடுத்தனுப்புவது அறுவை செய்த மருத்துவமனையின் பொறுப்பாகும்.