மீவர்ஸ்: ஆடுகளத்தில் அமைந்த ஒரு திண்ணை

விளையாட்டின் இன்பம் ஆடுவதில் பாதி. ஆடியதைப் பிறரிடம் சொல்லி மகிழ்வதில் பாதி. திரையின் முன் தனித்தமர்ந்து ஆடும் விளையாட்டு, அவ்விரண்டாம் பாதியை இளைஞரிடமிருந்து பறித்துவிட்டது என்பது பெற்றோர் பலரின் குறை. இக்குறையைப் போக்க, விளையாட்டுக் கருவிக்குள்ளேயே உரையாடற்களம் ஒன்றை அமைத்த முயற்சியை ஈண்டுக் காண்போம்.

தோற்றம்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், சடோரு இவாட்டா தலைவராக விளங்கிய காலத்தில், 2012 நவம்பரில் ‘வீ யூ’ என்னும் கருவியை வெளியிட்டது. அதனுடன் பிறந்ததே மீவர்ஸ். ஆடுவோர் தமக்கென அமைத்துக்கொள்ளும் சிற்றுருவிற்கு ‘மீ’ என்று பெயர். அவ்வுருக்கள் கூடும் உலகம் என்பதே மீவர்ஸ் என்பதன் பொருள். 2013 டிசம்பரில் ‘3டிஎஸ்’ என்னும் கைக்கருவிக்கும் இது விரிந்தது.

அமைப்பும் முறையும்

ஒவ்வொரு விளையாட்டிற்கும் தனித்தனிக் குழு இருந்தது. ஆட்டத்தில் வழி தெரியாது திகைத்தவர், அதனை இடைநிறுத்தி அங்கேயே ஐயத்தை எழுதலாம். முன்பே அவ்விடத்தைக் கடந்தவர் விடை கூறுவர். எழுத்து வடிவச் செய்திக்கு 100 எழுத்து என்பது எல்லை. எழுத விரும்பாதோர் கோல்கொண்டு திரையில் படம் வரைந்தனர். மொழி அறியாதாரும் ஓவியத்தால் ஒருவரையொருவர் அறிந்தனர். பிறர் கருத்தை ஏற்போர் ‘ஆமாம்!’ என்னும் பொருள்படும் பொத்தானை அழுத்தினர்.

கதையின் முடிவை வெளிப்படுத்தும் செய்தியை மறைத்துவைக்கவும் வழி இருந்தது. தகாத சொற்களும், தம்மைப் பற்றிய தனிச்செய்திகளும் விலக்கப்பட்டன. இவற்றைக் கணினியும் பணியாளரும் கண்காணித்தனர். ஐயுற்றவர்க்கு வழிகாட்டலும், பிறர் சுவையைக் கெடாது காத்தலும் நாகரிக உரையாடலின் இலக்கணங்கள் அல்லவா?

2013இல் வந்த ‘விண்ட் வேக்கர் எச்டி’ விளையாட்டில், வீரர் தம் செய்தியைப் புட்டியில் அடைத்துக் கடலில் விடுவார். அது மீவர்ஸ் வழியே முன்பின் அறியாத வேறொரு வீரரின் கரையில் ஒதுங்கும். தனித்து ஆடுவோரிடையே தோழமை விளைவித்த அழகிய உத்தி இது எனலாம்.

முடிவு

2017 நவம்பர் 8 அன்று மீவர்ஸ் மூடப்பட்டது. புட்டிகள் மிதப்பதும் அன்றோடு நின்றது. 2024 ஏப்ரலில் வீ யூ கருவியின் பிற இணைய வழி ஆட்டங்களும் முடிவுற்றன. எனினும் மூடுமுன், முன்னரே வேண்டிக்கொண்டவர்க்கு அவரவர் பதிவுகளைத் திருப்பித் தர நிறுவனம் வகை செய்தது. பொதுவில் இருந்த பதிவுகளின் பெரும்பகுதியைத் தன்னார்வலர் படியெடுத்துக் காத்தனர்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஏட்டில் படியெடுக்கப்பட்டு, பின் அச்சேறியதனாலன்றோ நம் கைக்கு வந்தது! இன்று நம் மாணவர் தம் கவிதையையும் கருத்தையும் ஓவியத்தையும் யாரோ நடத்தும் திரைகளில் இட்டு வைக்கின்றனர். அத்திரை அணையும் நாளில் அவையும் அணையும். பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். அதனை உரியவரிடம் சேர்ப்பது காப்பவர் கடமை. எழுத்தும் அத்தகைய அமானிதமே. ஆயினும் எழுதியவர்க்கும் ஒரு கடமை உண்டு. தம் எழுத்துக்கு ஒரு படியேனும் தம் கையில் வைத்திருத்தலே அது.