கைகழுவும் அறம்

செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த ஊர். நீரை வடிகட்டிப் பருகுதல் சமண நெறி. கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கும் தம்மால் ஊறு நேரலாகாது என்பது அதன் கருத்து.

நேயர்களே! நோய் தீர்க்கும் கையும் அறியாமல் ஊறு செய்வதுண்டு. 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையில், மருத்துவ மாணவர் பயின்ற பேற்றுப் பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார் மாண்டனர். மருத்துவச்சியர் பயின்ற பிரிவில் ஏறத்தாழ 3 பேரே. காரணம் யாது? மாணவர் பிணம் அறுத்த கையோடு பேறு பார்க்க வந்தனர். 1847-இல் இதனை உணர்ந்த செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் அவர்களைக் கைகழுவச் செய்தார். மறு ஆண்டில் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 1 ஆயிற்று.

பல நோய்க்கிருமிகளுக்கு நம் கைகளே ஊர்தி. ஆதலின் நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுதல் வேண்டும். மருத்துவர்க்கு மட்டுமன்று, நோயாளியைக் காணச் செல்லும் நமக்கும் இஃது அறமாகும்.