நர்ஸம்மா எங்கே?

பாலாற்றங்கரைக்குப் பெருமை இரண்டு. ஒன்று தோல், மற்றொன்று வைத்தியம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் பதனிடும் தோல் கப்பலேறிச் செல்கிறது. வேலூர் ஆஸ்பத்திரியை நாடி வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வருகிறார்கள்.

இவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும்போது ஒரு விஷயம் நம் மனத்தை உறுத்துகிறது. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பின் கணக்கப்பிள்ளையைக் கேட்டால், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுவது எத்தனை, காய்வது எத்தனை, முதல் தரம் எத்தனை, கழிவு எத்தனை என்று ஏட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். தோலுக்கு உள்ள இந்தக் கணக்கு, நோயாளியைத் தொட்டுத் தூக்கும் நர்ஸுக்கு உண்டா? இன்று அவர் எந்த ஊரில் வேலை பார்க்கிறார், என்ன பயிற்சி பெற்றவர், எப்போது ஓய்வு பெறுவார் என்பவற்றை ஒரே இடத்தில் காட்டும் ஏடு உண்டா?

நர்ஸ் தொழிலில் இந்த ஜில்லா பின்தங்கியதன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே கட்டிலோடு வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1909-ல் அங்கே நர்ஸுப் பள்ளி உண்டாயிற்று. 1946-ல் அது பட்டப் படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. அதே 1946-ல் வெளியான போர் கமிட்டியின் அறிக்கை, தேசத்தில் 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ்தான் இருப்பதாகக் கணக்கிட்டது. அன்று ஆளே இல்லை. இன்று ஆயிரக்கணக்கில் படித்து வருகிறார்கள். ஆயினும் ஆள் இருப்பது வேறு. வேண்டிய இடத்தில் இருப்பது வேறு.

ஏடுகள் இல்லாமலில்லை. 1926-ஆம் ஆண்டுச் சென்னை நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் முதலே பதிவு முறை உண்டு. இப்போது இந்திய நர்ஸிங் கவுன்சில், கம்ப்யூட்டர் மூலம் ஒவ்வொரு நர்ஸுக்கும் தனி எண் வழங்குகிறது. தமிழ்நாட்டு சர்க்கார் ஊழியரின் சம்பளமும் பணிப் பதிவேடும் 'ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம்' என்னும் கம்ப்யூட்டர் ஏட்டில் இருக்கின்றன. 2021-ல் தேசமெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் மற்றொரு பதிவேடு வைத்திருக்கிறது.

ஆனால் ஒவ்வோர் ஏடும் ஒவ்வொரு கேள்விக்காகப் பிறந்தது. கவுன்சில் ஏடு, 'இவர் தொழில் செய்யத் தகுதியுள்ளவரா?' என்று கேட்கிறது. சம்பள ஏடு, 'இவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?' என்று கேட்கிறது. தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்த நர்ஸுக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் வழியே ஊதியம் வருவதால், அவர் கணக்கு வேறிடம். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் இவ்விரண்டிலும் இல்லை. கிராமத்துத் தாய் கேட்கும் கேள்வியோ ஒன்றே ஒன்று: 'நர்ஸம்மா எங்கே?'

ஓர் உதாரணம் பார்ப்போம். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப் பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. ஒரு நிலையத்தின் கிராம சுகாதார நர்ஸை 'மாற்றுப்பணி' என்று வேறோர் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் பழைய ஊரின் பேரிலேயே போகும். ஏட்டைப் பார்க்கும் அதிகாரிக்கு அந்த இடம் நிரம்பியிருக்கும். கர்ப்பிணி வந்து பார்த்தால் கதவு பூட்டியிருக்கும். இதில் பொய் எழுதியவர் எவருமில்லை. ஏடு கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவே.

2019-ல் பழைய வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு சென்றன. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. அண்டை ஊர்கள் வெவ்வேறு ஜில்லாவாயின. நோய் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. ஆகவே ஏடும் அங்கே நின்றுவிடக் கூடாது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். அத்தகைய இரவில் தலைகளின் எண்ணிக்கை உதவாது. மூச்சுத் திணறலுக்குச் சிகிச்சை தெரிந்தவர் யார், அவர் எந்த ஆஸ்பத்திரியில் இரவு வேலையில் இருக்கிறார் என்பதே வேண்டும்.

நல்ல ஏடு நாளையையும் காட்டும். தமிழ்நாட்டில் சர்க்கார் ஊழியர் ஓய்வு பெறும் வயது 60. பிறந்த தேதி தெரிந்தால் எந்த ஆண்டு எத்தனை இடம் காலியாகும் என்று இன்றே சொல்லலாம். டிப்ளமா நர்ஸைத் தயாரிக்க 3 ஆண்டும், பட்டதாரி நர்ஸைத் தயாரிக்க 4 ஆண்டும் பிடிக்கும். காலியான பிறகு தேடுவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதாகும்.

இது எட்டாத காரியமன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2006-ல் 57 தேசங்களைக் கடும் பற்றாக்குறையுள்ளவை என்று குறித்தது; இந்தியாவும் அதில் ஒன்று. உகாண்டா போன்ற ஏழைத் தேசங்கள், 'ஐ-ஹெச்ரிஸ்' என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு தங்கள் சுகாதார ஊழியரைக் கணக்கெடுத்தன. அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

ஒன்று மட்டும் மறக்கலாகாது. பள்ளிக்கூடத்தில் நாம் ஆஜர்ப் பட்டி வைப்பது வராத பிள்ளையைத் தண்டிப்பதற்கன்று; ஏன் வரவில்லை என்று வீட்டில் விசாரிப்பதற்கே. நர்ஸின் ஏடும் அப்படியே இருக்க வேண்டும். தம் பதிவைத் தாமே பார்க்கவும், தவறிருந்தால் திருத்தக் கேட்கவும் அவருக்கு உரிமை வேண்டும். தொடர்ந்து எத்தனை இரவு விழித்தார், எத்தனை ஆண்டு மலையூரில் கிடந்தார், எடுக்காத லீவு எவ்வளவு என்பவையும் அதில் ஏற வேண்டும். அவரை வேவு பார்க்கும் ஏட்டில் உண்மை தங்காது. அவருக்கு நியாயம் செய்யும் ஏட்டை அவரே பத்திரமாகப் பாதுகாப்பார்; அதன் பலன் பூட்டிய கதவின் முன் நிற்கும் தாய்க்குக் கிட்டும்.