கையடக்க கிடார் ஆம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?



நம் கல்லூரியில் கிடார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். வாசிப்பதற்கு இடங்களும் இருக்கின்றன. ஆடி மாதத்து அம்மன் கோயில் லைட் மியூசிக், சர்ச் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவின் சின்னச் சின்ன ஓட்டல்கள், நம்ம கலைவிழா என்று சொல்லிக்கொண்டே போகலாம். கோவளம் கடற்கரையில் 2013-இல் அலைச்சறுக்கோடு இசையையும் சேர்த்து ஒரு விழாவே தொடங்கினார்கள். ஆகவே நம் கடற்கரைக்கு எலெக்ட்ரிக் கிடார் புதுசு இல்லை.

ஆனால் எலெக்ட்ரிக் கிடார் தனியாக நின்றால் ஊமை. அதைப் பேச வைக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பெயர் பெற்ற ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப்பின் எடை சுமார் 29 கிலோ! செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் அதை ஏற்றிப் பாருங்கள், கண்டக்டர் என்ன சொல்லுவார் என்று தெரியும். இதற்கு விடையாக வந்ததுதான் ‘ஆம்ப் மாடலர்’ என்ற சின்னப் பெட்டி.

எங்க அப்பா மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் கல் செதுக்குகிறார். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். வீடு ஒரே அறை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சத்தம் போட முடியாது, அப்பா விடியற்காலையில் எழுந்து போகணும். கச்சேரியில் கிடைத்த பங்கைச் சேர்த்து வைத்து ஒரு பொருள் வாங்கினால், அது வீட்டுப் பயிற்சிக்கும் ஆகணும், மேடைக்கும் ஆகணும். இரண்டாவது தடவை வாங்குவது என்பது நமக்குக் கிடையாது. உங்களில் பலருக்கும் இதே நிலைமைதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கிடாரின் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பியும்தான். இரும்புத் தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. நாம் படித்த ஃபாரடே விதியேதான்! பழைய வால்வு ஆம்ப்பில் இந்தச் சிக்னலை அளவுக்கு மேல் ஏற்றினால் அலையின் தலை மழுங்கும். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் டயோடு கிளிப்பர் சர்க்யூட் போட்டு சி.ஆர்.ஓ.வில் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். ஆனால் டயோடு கத்தியால் வெட்டின மாதிரி வெட்டும். வால்வு மெதுவாக வளைக்கும். அந்த வளைவுதான் காதுக்கு இதமாக இருக்கிறது.

மாடலர் செய்வது இதுதான். சிக்னலை நொடிக்கு 44,100 தடவை அல்லது அதற்கும் மேலே அளந்து எண்ணாக மாற்றுகிறது. வால்வு எப்படி வளைக்கும், எந்த ஒலியை ஏற்றும், எதை இறக்கும் என்பதையெல்லாம் கணக்காகப் போட்டு, மறுபடி மின்னலையாக வெளியே விடுகிறது.

இதில் இன்னொரு முக்கியமான பங்கு ஸ்பீக்கருக்கு. கிடார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்சுக்கு மேல் வேகமாகக் குறைந்துவிடும். மேடையில் கட்டும் சவுண்டு சர்வீஸ் பாக்ஸ் அப்படியில்லை, உச்ச ஒலி வரைக்கும் கத்தும். அதனால் டிஸ்டார்ஷன் போட்ட கிடாரை நேராக மிக்சரில் சொருகினால் தகர டப்பாவில் வண்டு புகுந்த மாதிரி கேட்கும். மாடலரில் ‘கேபினட்’ என்றோ ‘ஐ.ஆர்.’ என்றோ இருக்கும் பகுதி அந்த ஸ்பீக்கரின் குணத்தையும் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

இந்தப் பெட்டியின் கதையில் நமக்குப் பெருமையான ஒரு விஷயம் உண்டு. ஹெட்ஃபோனில் மேடைச் சத்தம் கேட்க வைத்த ‘ராக்மேன்’ பெட்டியை 1982-இல் கொண்டுவந்த டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்து போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்த என்ஜினீயர்; ‘பாஸ்டன்’ இசைக்குழுவின் கிடார் கலைஞரும் அவரே. நம் பக்கத்தில், கர்நாடக சங்கீதத்தைக் கிடாரில் வாசிக்கும் பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். 1998-இல் லைன் 6 கம்பெனியின் ‘பாட்’ வந்த பிறகு டிஜிட்டல் மாடலர் உலகம் முழுக்கப் பரவியது.

மூன்று வகை

முதல் வகை, கிடார் ஜாக்கிலேயே சொருகும் தீப்பெட்டி மாதிரியானது. 2021-இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ ஓர் உதாரணம். 12 ஆம்ப் மாடல், சார்ஜ் செய்துகொள்ளலாம், ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கலாம். வீட்டுக்கு அருமை; மேடையில் காலால் மாற்ற வழியில்லை.

இரண்டாவது, ஸ்பீக்கரோடு வரும் குட்டி ஆம்ப். ரோலண்ட் மைக்ரோ க்யூப் ஜி.எக்ஸ். 3 வாட், 6 பென்டார்ச் பேட்டரியில் ஓடும். மொட்டை மாடியில் நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கப் போதும். டிரம்ஸ் சேர்ந்தால் 3 வாட் எங்கே கேட்கும்?

மூன்றாவது, தரையில் வைத்துக் காலால் மிதிக்கும் பெடல் வகை. ஜூம் ஜி1 ஃபோர், பாஸ் ஜி.டி.-1 போன்றவை. இரண்டுமே 4 பென்டார்ச் பேட்டரியில் ஓடும், ஹெட்ஃபோனும் மாட்டலாம், மிக்சருக்கும் கொடுக்கலாம். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இந்த வகையில் சின்னதே போதும் என்பது என் கருத்து. வீட்டில் மட்டும்தான் வாசிப்பேன் என்பவர்கள் முதல் வகையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. மாடல் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். அட்டைப்பெட்டியில் நூறு, இருநூறு என்று போட்டிருப்பார்கள். அப்பாவின் பையில் இருபது உளிக்குக் குறையாது, ஆனால் பொழுதன்னிக்கும் கையில் இருப்பது மூணு, நாலுதான். லைட் மியூசிக்குக்கு ஒரு சுத்தமான ஒலி, கோரஸ் சேர்த்த ஒன்று, லேசான ஓவர்டிரைவ், சோலோவுக்கு ஒன்று, இந்த நாலும் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

2. உங்கள் கிடாரையும், உங்கள் ஹெட்ஃபோனையும் எடுத்துப் போங்கள். கடை கிடாரில் இனிமையாகக் கேட்டது உங்கள் கிடாரில் கேட்கும் என்று சொல்ல முடியாது.

3. ஹெட்ஃபோன் வயர் உள்ளதாக இருக்கட்டும். ஒலி 1 மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகிறது. மாடலரின் தாமதம் 3 மில்லி செகண்ட் என்றால், ஒரு மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் இருப்பது போலத்தான், தெரியாது. சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனிலோ அது 100 மில்லி செகண்டைத் தாண்டலாம், அதாவது 34 மீட்டர் தள்ளி! தாளம் கையில் நிற்காது.

4. இருட்டிலும் வெயிலிலும் டிஸ்பிளே தெரிகிறதா, குனியாமல் காலால் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். செல்போன் ஆப் இருந்தால்தான் வேலை செய்யும் என்ற பெட்டி மேடைக்கு ஆகாது. பாட்டு நடுவில் போன் வந்தால் என்ன செய்வீர்கள்?

5. அடாப்டர். பெடல்களில் பெரும்பாலும் 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். கடைகளில் கிடைக்கும் பொது அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். மாற்றிச் சொருகினால் பெட்டியே போய்விடலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேடையில்

வீட்டில் ஹெட்ஃபோனில் செய்த செட்டிங் மேடையில் வேறு மாதிரி ஒலிக்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் சரியாக எட்டாது என்பதை 1933-இலேயே ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் அளந்து காட்டினார்கள். வீட்டில் அந்தக் குறையை ஈடுகட்ட பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி வைத்திருப்போம். மேடையில் அது பொம்மென்று இரையும். கிடாரின் மிகத் தாழ்ந்த சுரமே 82 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே உள்ளதை வெட்டி பேஸ் கிடாருக்கு விட்டுவிடுங்கள். சவுண்டு சர்வீஸ் அண்ணனே உங்களைப் பாராட்டுவார்.

மேடைக்கும் மிக்சருக்கும் தூரம் அதிகமென்றால் அவரிடம் ‘டி.ஐ. பாக்ஸ்’ கேளுங்கள். சிக்னலை சமன் செய்து அனுப்புவதால் நீள வயரில் இரைச்சல் ஏறாது. பேட்டரியில் ஓட்டினால் அடாப்டர் வழியாக வரும் உறுமலும் இல்லை. ஜெனரேட்டருக்கு மாற்றும்போது கரண்ட் ஒரு நொடி போனாலும் உங்கள் பெட்டி அணையாது. கடற்கரை உப்புக் காற்று ஜாக்கை அரித்துவிடும்; வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து மூடி வையுங்கள்.

உயிர் முக்கியம்

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முதல் விஷயம். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் ‘ஸ்டோன் தி க்ரோஸ்’ குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு, மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். கிடார் தந்திகள் வயரின் ஷீல்டு வழியாக எர்த்தோடு இணைந்தவை. தந்தி ஓர் இணைப்பிலும் மைக் வேறோர் இணைப்பிலும் இருந்து, ஒன்றில் கரண்ட் கசிந்தால், நடுவில் நிற்கும் நாம்தான் வயர்!

பேட்டரி மாடலரை அதே மிக்சரில் கொடுத்தால் மைக்கும் தந்தியும் ஒரே எர்த்தில் வந்துவிடுகின்றன. இது பெரிய நன்மை. ஆனால் அந்த மிக்சருக்கே எர்த் இல்லையென்றால்? நம்ம குப்பத்துத் திருவிழா மேடைகள் ஈர மணலில் நிற்கின்றன, நாமும் பல சமயம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறோம். ஆகவே வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, தந்திக்கும் மைக் வலைக்கும் நடுவில் ஒரு தடவை, தந்திக்கும் ஈரத் தரைக்கும் நடுவில் ஒரு தடவை பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கணும். பத்து, இருபது என்று ஏறினால் கிடாரைத் தொடாதீர்கள். எர்த்தைச் சரி செய்யச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துச் சொருகும் பழக்கத்தைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. லைனில் இருக்கிறதா என்று கேளுங்கள். “சின்னப் பசங்க ரொம்பப் பேசறாங்க” என்பார்கள், பரவாயில்லை. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இதற்குத்தானே நம்மை டிப்ளமோ படிக்க வைக்கிறார்கள்!

சுருக்கமாகச் சொன்னால், எத்தனை மாடல் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். எங்கே வாசிக்கப் போகிறேன், சத்தம் எதன் வழியாக வெளியே வரப்போகிறது, கரண்ட் எங்கிருந்து வருகிறது என்ற மூன்று கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். வாங்குவதற்கு முன் சந்தேகம் இருந்தால் மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் வகுப்புக்கு வந்து என்னைக் கேளுங்கள். மல்டிமீட்டரோடு நானும் கூட வருகிறேன்.