பயின்றவரும் பயிற்றியவரும்

இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், பண்டிதர் வழிதவறி மைதானத்துக்குள் வந்துவிட்டார் என்று மாணாக்கர் நகைப்பர். நகைக்கட்டும். திருகோணமலையின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பண்டிதரையும் புலவரையும் அதிபரையும் வரிசைப்படுத்தி எழுதுவர். தி. த. கனகசுந்தரம்பிள்ளையையும், 1895ஆம் ஆண்டில் 'மோகனாங்கி' என்னும் நாவலைத் தந்த அவர்தம் இளவல் சரவணமுத்துப்பிள்ளையையும் மறவாது குறிப்பர். அது தக்கதே. ஆயினும், மாலை வெயிலில் மணல்மீது நின்று பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்க்கு அவ்வரிசையில் இடம் கிடைப்பதில்லை. அத்தகைய ஒருவரையே இங்கு நினைவுகூர முற்படுகின்றேன். அவர் தமிழரல்லர், இத்தீவிற் பிறந்தவருமல்லர்.

அருட்தந்தை யூஜின் ஜோன் ஏபேர் 1923ஆம் ஆண்டில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஜெனிங்ஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். அவருடைய பெயரை ஆங்கில எழுத்தின்படி 'ஹெபர்ட்' என்று வாசிப்போரும் உளர். அம்மாநிலத்தில் பிரெஞ்சு வழிவந்த குடிகள் மிகப் பலராதலின், ஈற்றெழுத்து அங்கே ஒலிப்பதில்லை. முதலிலுள்ள மூச்சொலியும் மறைந்துவிடும். 'ஏபேர்' என்பதே பிறந்த மண்ணின் உச்சரிப்பு. தமிழிலே டகர ஒற்று மொழிக்கு ஈறாகாது. ரகர ஒற்றோ ஈறாகும். எனவே அவருடைய பெயர் நம்மூருக்கு வருமுன்னரே நன்னூல் விதிக்கு இணங்கிக்கொண்டது எனலாம். இலக்கண ஆசிரியனுக்கு இத்தகைய சிறு மகிழ்ச்சிகள் வாய்ப்பதுண்டு.

கிழக்கிலங்கையின் கத்தோலிக்கப் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலாகப் பிரெஞ்சு நாட்டு யேசு சபைத் துறவியரின் பொறுப்பில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அப்பொறுப்பு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து யேசு சபையினருக்கு வந்தது. 1947 முதல் 1974 வரை திருகோணமலையின் ஆயராக விளங்கிய இக்னேஷியஸ் கிளெனியும் யேசு சபையினரே. ஏபேர் அடிகளார் இங்கு வந்தது 1948ஆம் ஆண்டில். இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டு. துறைமுகம் அப்போதும் பிரித்தானியக் கடற்படையின் கையிலேயே இருந்தது. 1957ஆம் ஆண்டிலேதான் அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. போர்க்கப்பலில் வந்த வெள்ளையரையே கண்டு பழகிய ஊருக்கு, இருபத்தைந்து அகவையை ஒட்டிய ஒரு வெள்ளைக்காரர் பந்தோடும் பாடநூலோடும் வந்து சேர்ந்தார். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் ஆசிரியராகவும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவும் பணிபுரிந்தார். அவர் பயிற்றிய மிக்கேல் கல்லூரி அணியினர் நாடளாவிய போட்டிகளிற் பன்முறை வாகை சூடினர். கொழும்பையும் கண்டியையும் விட்டால் விளையாட்டு இல்லை என்றிருந்த காலத்தில் இஃது எளிய செயலன்று.

இவ்விளையாட்டின் பிறப்பையும் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் இதனைப் படைத்தவரும் ஓர் ஆசிரியரே. 1891ஆம் ஆண்டு மாரிக்காலத்தில், மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், பனியால் வெளியே செல்லவியலாது முரண்டுபிடித்த மாணவரை அடக்குதற்பொருட்டு, கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதித் தொங்கவிட்டார். கூடைக்கு அன்று அடி இருந்தது. பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்கவேண்டும்! நன்னூலார் ஆசிரியராகத் தகாதவர்க்குக் கூறிய உவமைகளுள் பருத்திக்குண்டிகை ஒன்று. உள்ளே திணித்ததை வெளியே எடுப்பது பெரும்பாடு. கூடையின் அடியை வெட்டிய பின்னரே ஆட்டம் ஓட்டம் பெற்றது. நெய்ஸ்மித்தும் பிற்காலத்திற் கன்சாஸ் பல்கலைக்கழக அணியைப் பயிற்றினார். அவர் பயிற்றிய அணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. ஆட்டத்தைப் படைத்தவரே அதனைப் பயிற்றுவதிற் சறுக்கினார் என்பது என் போன்றோர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி.

பயில் என்பது தன்வினைப் பகுதி. பயிற்று என்பது பிறவினைப் பகுதி. ஆடினான் தன்வினை, ஆட்டினான் பிறவினை. எழுத்திலே ஓர் ஒற்று மிகுந்தால் மாற்றம் முடிந்துவிடுகிறது. வாழ்விலே அது முடிவதில்லை. தன் கையாற் பந்தை எறிந்தவர் இனிப் பிறர் கையாலன்றி எறியலாகாது. இயற்றுதற் கருத்தாவாக இருந்தவர் ஏவுதற் கருத்தாவாக வேண்டும். அரசன் கோயில் கட்டினான் என்னும்போது அரசன் கல் சுமப்பதில்லை. ஆயினும் பெயர் அவனுக்கே. கூடைப்பந்தாட்டத்திலோ நேர்மாறு. புள்ளிப் பதிவேட்டில் எறிந்தவன் பெயர் ஏறும். எறியக் கற்பித்தவரை அவ்வேடு அறியாது.

இவ்விரு வினையையும் ஒருங்கே செய்து காட்டியவர் ஒருவர் உளர். பில் றசல் என்னும் கறுப்பினத்தவர், 1934ஆம் ஆண்டில் அதே லூசியானாவிற் பிறந்தவர். நிறவெறி மிகுந்த அம்மாநிலத்தை விட்டு அவருடைய குடும்பம் மேற்குக் கரைக்குச் சென்றது. அங்கே யேசு சபையினரின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றார். 1955, 1956ஆம் ஆண்டுகளில் அதன் அணி நாட்டின் பல்கலைக்கழகங்களையெல்லாம் வென்றது. 1956ஆம் ஆண்டின் மெல்பேண் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு தங்கம் பெற்றார். உயரம் 208 சென்றிமீற்றர். நம் வலைப்பந்து வீராங்கனை, யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரமும் அதுவே. பொஸ்டன் நகரின் தொழில்முறை அணியில் 13 பருவங்கள் ஆடி, 11 முறை வாகை சூடினார். எறிந்து பெற்ற புகழினும் தடுத்துப் பெற்ற புகழே அவருக்குப் பெரிது.

1966ஆம் ஆண்டில் அவ்வணியின் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்காவின் பெருந்தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் அத்தகைய பதவியைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் என்று அவரை எண்ணலாம். அவரோ ஆடுவதையும் விடவில்லை. தாமே ஆடித் தாமே ஆட்டினார். முதலாண்டில் பிலடெல்பியா அணியிடம் தோல்வி. 1968, 1969ஆம் ஆண்டுகளில் மீண்டும் வாகை. பிற்காலத்திற் சியாற்றில் நகரத்து அணியை 1973 முதல் 1977 வரை பயிற்றினார். அது ஒருவாறு சென்றது. 1987ஆம் ஆண்டிற் பொறுப்பேற்ற சக்ரமென்ரோ அணியோ 17 ஆட்டங்களில் வென்று 41இல் தோற்றது. பருவம் முடியுமுன்னரே அவர் விலக நேர்ந்தது. தாம் களத்தில் நின்றபோது வென்ற பயிற்றுநர், களத்துக்கு வெளியே நின்றபோது அவ்வாறு வெல்லவில்லை. தாம் கண்ணிமைப்பில் உணர்ந்ததைப் பிறர்க்கு உணர்த்துவது வேறொரு கலை. 2022ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில் பயிற்றுநர் என்ற வகையிலும் அந்நாட்டின் கூடைப்பந்துப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

றசல் ஊதியம் பெற்று ஆடியவர். ஊதியம் பெற்றுப் பயிற்றியவர். அதிற் குறையொன்றுமில்லை. ஏபேர் அடிகளாரோ வறுமை நோன்பு பூண்ட துறவி. அமெரிக்காவிலே இவ்விளையாட்டு பெருவணிகமாக வளர்ந்த அதே பதிற்றாண்டுகளில், லூசியானாவின் மற்றொரு மைந்தர் கிழக்கிலங்கையின் கடலோரத்திற் பிள்ளைகளுக்குக் கால்நிலை திருத்திக்கொண்டிருந்தார். இவ்விளையாட்டிலே கையினும் காலே முதன்மை. ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றலாம். ஊன்றிய கால் இடம்பெயர்ந்தாற் பந்து எதிரணிக்குப் போய்விடும். வளையம் பத்து அடி உயரத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அத்துணை நெடியவரல்லர். விரைவினாலும் ஒருவர்க்கொருவர் பந்தைக் கொடுத்துதவும் பண்பினாலுமே வெல்லவேண்டும். இதனைச் சொல்லிக் கொடுக்கலாம், சொல்லியவுடன் வந்துவிடாது. நாளும் மாலையில் ஒரே செயலை நூறுமுறை செய்வித்தல் வேண்டும். வாய்பாடு ஒப்புவிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு காண்கிலேன்.

இங்கே என் குற்றமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் முன்னர்ப் பணியாற்றிய பாடசாலையொன்றிற் பரீட்சை நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளைகளைப் பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. கேட்டு வாங்கியவருள் நானும் ஒருவன். அவ்வாறு வாங்கிய ஒரு பாடவேளையில் தன்வினை, பிறவினை நடத்தினேன். யன்னலுக்கு வெளியே வலையற்ற வளையமொன்று துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்காட்டுத் தருமாறு கடைசி வாங்கில் இருந்த மாணவனைக் கேட்டேன்.

"தன்வினை: ஆடினான்" என்றான்.

"நன்று. பிறவினை?"

"ஆடவிடவில்லை, சேர்."

வகுப்பு சிரித்தது. இலக்கணப்படி விடை பிழை. பிழை என்றே சொன்னேன். வேறென்ன சொல்வது? அன்று மாலைதான் ஏபேர் அடிகளாரைப் பற்றி முதன்முதலாக ஆர்வத்தோடு விசாரிக்கத் தொடங்கினேன். அவரைக் கண்டவர்கள் கதை சொல்லத் தொடங்கினால் எளிதில் நிறுத்தமாட்டார்கள். ஆனால் எந்தக் கதையும் இறுதியில் 1990ஆம் ஆண்டிலே போய் முட்டிக்கொள்ளும்.

அவ்வாண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த வாரத்தில் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். அதன் எதிர்விளைவாகத் தமிழ் மக்களும் மாண்டனர். அடிகளார் அப்போது அறுபதைக் கடந்தவர். மட்டக்களப்பிலே இளைஞர்க்குத் தொழில் கற்பிக்கும் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பொறுப்பில் இருந்தார். வாழைச்சேனையில் இருந்த அருட்சகோதரியர்க்கு உதவும்பொருட்டு அங்கே சென்றிருந்தார். ஓகஸ்ட் 15ஆம் நாள், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, ஒரு தமிழ் இளைஞரைப் பின்னே ஏற்றிக்கொண்டு, தம் ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வழி. ஏறாவூரைத் தாண்டியே வரவேண்டும். வந்து சேரவில்லை. தேடியவர்க்குத் தடயம் எதுவும் கிட்டவில்லை. கல்லறையும் இல்லை.

அவரைப் பற்றி எழுதியோர் பலரும் 'காணாமற்போனார்' என்றே முடிக்கின்றனர். போனார் என்பது தன்வினை. தாமாகவே எங்கோ போய்விட்டார் போலத் தொனிக்கும். 2017ஆம் ஆண்டு தொடங்கித் திருகோணமலையிலும் வன்னியிலும் வீதியோரங்களில் அமர்ந்து தம் பிள்ளைகளைக் கேட்ட தாய்மார் அச்சொல்லை ஏற்கவில்லை. 'காணாமலாக்கப்பட்டோர்' என்றே சொல்கின்றனர். பண்டிதர் எவரும் அவர்களுக்கு அதைக் கற்பிக்கவில்லை. செயப்பாட்டுவினையில் கருத்தா 'ஆல்' உருபேற்று வருதல் முறை. தெரியாதவிடத்து அது தொக்கி நிற்கும். இவ்வாக்கியத்தில் 1990 முதலாகத் தொக்கியே நிற்கிறது.

மற்றொரு பிழையும் உண்டு. அன்று அந்த ஸ்கூட்டரில் இருந்தவர் இருவர். அடிகளாரின் பெயர் நூல்களில் ஏறியது. பின்னால் இருந்த இளைஞரைப் பல கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. ஆதலின் பயனிலை பன்மையில் அமைதல் வேண்டும்: காணாமலாக்கப்பட்டனர்.