படிப்பைக் காக்கும் சிறு தொகை: அமெரிக்கச் சட்டப் பள்ளிகளின் அவசர உதவிநிதி

அமெரிக்காவில் வழக்கறிஞராக விரும்பும் ஒருவர் முதலில் ஏதேனும் ஒரு துறையில் இளநிலைப் பட்டம் பெற்று, அதன் பிறகே ஜே.டி. எனப்படும் மூன்றாண்டுச் சட்டப் பட்டப் படிப்பில் சேர முடியும் என்பதால், முந்தைய படிப்பின் கடனோடு சட்டப் பள்ளிக்குள் நுழைவோர் பலர். நியூயார்க் போன்ற பெருநகரங்களின் தனியார் சட்டப் பள்ளிகளில் கல்விக் கட்டணம், வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கூட்டினால் ஓராண்டுச் செலவு 1,00,000 டாலரைத் தாண்டுகிறது. முன்னரே தெரிந்த செலவு என்பதால் அதற்குக் கடன், உதவித்தொகை, குடும்பத்தின் சேமிப்பு என்று ஏதோ ஒரு வழி தேடப்பட்டுவிடுகிறது. கல்வியாண்டின் நடுவில் திடீரென வந்து நிற்கும் சில நூறு டாலர்ச் செலவுக்கோ எந்த வழியும் இருப்பதில்லை.

இதற்கான காரணம் கல்விக் கடன் விதிகளிலேயே இருக்கிறது. கூட்டாட்சி அரசின் கடனுதவித் திட்டத்தில் பங்குபெறும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், ஒரு மாணவர் ஓராண்டு படிக்க ஆகும் மொத்தச் செலவை மதிப்பிட்டு ஒரு வரம்பை வகுக்கிறது. அரசுக் கடன் பெறும் மாணவருக்கு வந்து சேரும் கடனும் உதவித்தொகையும் சேர்ந்து அந்த வரம்பை மீறக் கூடாது. தந்தை இறந்த செய்தி கேட்டு ஊருக்குப் பறக்க வேண்டியவரின் விமானக் கட்டணம், காப்பீடு ஏற்க மறுத்த மருத்துவச் செலவு, தீ விபத்தில் அழிந்த உடைமைகள், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் திருட்டுப் போன மடிக்கணினி ஆகியவற்றை முன்கூட்டியே கணித்து அந்த வரம்புக்குள் அடக்க எவராலும் முடியாது. தக்க சான்றுகள் இருந்தால் வரம்பைத் திருத்தும் அதிகாரத்தை நிதியுதவி அலுவலருக்குச் சட்டம் அளிக்கிறது என்றாலும், திருத்தத்தின் பயனாக மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு கடனாகவே இருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பவே பல சட்டப் பள்ளிகள் அவசர உதவிநிதி என்னும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. முன்னாள் மாணவர்களும் பேராசிரியர்களும் தரும் நன்கொடையால் உருவாகும் இந்நிதியிலிருந்து, நெருக்கடியின் தன்மையை விளக்கும் சுருக்கமான விண்ணப்பத்தையும் ரசீது போன்ற ஓரிரு ஆவணங்களையும் பார்த்த பின், சில நூறு டாலர் முதல் ஓரிரு ஆயிரம் டாலர் வரை திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத மானியமாக வழங்கப்படுகிறது. கல்விக் கட்டணம், பழைய கடன் அட்டை நிலுவை, அபராதம் போன்றவற்றுக்கு இந்நிதி பொதுவாக இடம் தருவதில்லை. இத்தகைய உதவியின் மதிப்பைத் தொகையின் அளவைவிட, அது கைக்கு வரும் வேகமே தீர்மானிக்கிறது. வாடகைக் கெடு முடிந்து மூன்று வாரம் கழித்து ஒப்புதல் தரும் குழு எவ்வளவு நல்லெண்ணம் கொண்டதாயினும், அதற்குள் அந்த மாணவர் வீட்டை இழந்திருக்கக்கூடும்.

பிற துறை மாணவர்களைவிடச் சட்ட மாணவருக்கு இத்தகைய தாமதம் கூடுதல் கேடு விளைவிக்கிறது. முதலாண்டுப் பாடங்கள் பலவற்றில் பருவ இறுதியில் நடக்கும் ஒரே தேர்வே மதிப்பெண்ணைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது. அம்மதிப்பெண்ணை வைத்தே பெரிய சட்ட நிறுவனங்கள் கோடைகாலப் பயிற்சிப் பணிக்கு ஆள் எடுக்கின்றன. எனவே டிசம்பர் மாதத்தில் இரண்டு வாரம் தடுமாறியதன் விளைவு அவரைப் பல ஆண்டுகள் தொடர முடியும். இன்னொரு சிக்கல் வெளியே அதிகம் பேசப்படாதது. வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு மாநிலமும் விண்ணப்பதாரரின் ஒழுக்கத்தையும் தகுதியையும் விசாரிக்கிறது. அவ்விசாரணையில் நிதிப் பொறுப்புகளைப் புறக்கணித்தாரா என்பதும் ஆராயப்படுகிறது. வேறு வழியின்றிக் கட்டாமல் விட்ட ஒரு மருத்துவமனைக் கட்டணம், பின்னாளில் அவர் எழுத்து மூலம் விளக்க வேண்டிய ஒன்றாக மாறிவிடலாம்.

பேரிடர்கள் வந்தபோது இந்தத் தேவை எல்லோர் கண்ணிலும் பட்டது. 2005 ஆகஸ்ட் மாதம் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்து, அங்குள்ள துலேன், லயோலா பல்கலைக்கழகங்களின் சட்டப் பள்ளிகள் அப்பருவத்தில் தம் வளாகங்களில் இயங்க முடியாமற்போனபோது, நாடெங்கும் உள்ள சட்டப் பள்ளிகள் அம்மாணவர்களை வருகை மாணவர்களாகத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டன. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றின்போது இயற்றப்பட்ட கேர்ஸ் சட்டம், உயர்கல்விக்கென ஏறத்தாழ 1,400 கோடி டாலரை ஒதுக்கி, கல்வி நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்த பங்கில் குறைந்தது பாதியை மாணவர்களுக்கு அவசர மானியமாகவே கொடுக்க வேண்டும் என்று விதித்தது. ஆயினும் அரசின் கடனுதவிக்குத் தகுதியுடையோர் மட்டுமே இதைப் பெறலாம் என்று கல்வித் துறை அப்போது வரையறுத்ததால், வெளிநாட்டு மாணவர்கள் விடுபட்டனர். 2021 மே மாதத்தில்தான் அத்தடை நீங்கியது.

வெளிநாட்டு மாணவர் நிலை சாதாரணக் காலத்திலும் இறுக்கமானதே. தமிழகத்திலிருந்து எல்.எல்.எம். என்னும் முதுநிலைச் சட்டப் படிப்புக்குச் செல்வோர் எஃப்-1 விசாவில் இருப்பதால் அமெரிக்க அரசின் கடன் பெற இயலாது; பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்திற்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவும் கூடாது. எதிர்பாராத கடும் பொருளாதார நெருக்கடிக்கு ஆளானோர் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி கோரலாம் என்று ஒரு விதி உண்டு. ஆனால் ஒரு முழுக் கல்வியாண்டை முடித்தவர்களுக்கே அது பொருந்தும் என்பதால், ஏறத்தாழ ஓராண்டில் முடிந்துவிடும் எல்.எல்.எம். மாணவருக்கு அதனால் பயனேதும் இல்லை. அத்தகையவருக்குப் பள்ளியின் அவசர நிதியே எஞ்சியிருக்கும் வாயில்.

அண்மைக் காலத்தில் நன்மையும் பாதகமும் அடுத்தடுத்து வந்துள்ளன. எதிர்பாராத செலவுக்காகக் கிடைக்கும் அவசர உதவியை மற்ற உதவித்தொகைகளோடு சேர்த்துக் கணக்கிட்டு மாணவரின் கடன் தகுதியைக் குறைக்கும் சிக்கல், 2024-25 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால் நீங்கியது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டமோ, செலவு வரம்பு முழுமைக்கும் கடன் வாங்க வழிசெய்த கிராட் பிளஸ் திட்டத்தை 2026 ஜூலை 1 முதல் புதிய மாணவர்களுக்கு நிறுத்தி, சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசுக் கடனை ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என வரையறுத்தது. கடன் பெறும் வாய்ப்பு இவ்வாறு சுருங்கும்போது, நன்கொடை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்ற நிலையில் அவசர நிதியை விட்டுவைப்பது பொறுப்பான நிர்வாகத்துக்கு அழகன்று. பட்டம் பெற்றபின் ஜூலை இறுதியில் நடக்கும் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்காக வருமானமின்றிப் படிக்கும் மாதங்களையும் அந்நிதி தழுவ வேண்டும். தற்போது மாணவராகப் பதிவில் இருப்போருக்கே உதவி என்னும் பொதுவான நிபந்தனை, மிகவும் தேவையான வேளையில் அவர்களைக் கைவிடுகிறது.

பிள்ளைகளைச் சட்டம் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்ப எண்ணும் குடும்பங்கள், கட்டணத்தையும் தரவரிசையையும் விசாரிப்பதோடு, அந்தப் பள்ளியில் அவசர நிதி உண்டா, வெளிநாட்டு மாணவருக்கும் அது கிடைக்குமா, எத்தனை நாளில் பணம் கைக்கு வரும் என்பவற்றையும் சேர்க்கைக்கு முன்பே எழுதிக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.