சிற்றூர்ப் பட்டறையில் மணல் வார்ப்படம்

உழவுத் தொழிலில் இயந்திரங்கள் பெருகிவிட்ட இந்நாளில், ஒரு சிறு உறுப்பு முறிந்தமையால் முழு இயந்திரமும் முடங்கிக் கிடப்பதை ஊர்தோறும் காண்கிறோம். தீவனம் நறுக்கும் பொறியின் கைப்பிடியோ, பழைய எஞ்சினின் பக்க மூடியோ, தெளிப்பானின் பிடியோ உடைந்துவிட்டால், அதைச் செய்த தொழிற்சாலை அவ்வகையைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கடைக்காரர் கையை விரிப்பார், பயிரோ காத்திராது. இத்தகைய சிறு உறுப்புக்களை ஊர்க் கொல்லுப் பட்டறையிலேயே வார்த்துக்கொள்ளும் முறைதான் மணல் வார்ப்படம்.

இக்கலை தமிழகத்திற்குப் புதிதன்று. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகு உருவத்தின் மேல் வண்டல் பூசித் தெய்வத் திருமேனிகளை வார்க்கின்றனர். அதற்கு அருகிலுள்ள நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கின் பகுதிகளைக் காவிரி வண்டலில் அச்செடுத்துத் தனித்தனியே வார்த்து, மரை கடைந்து பொருத்துகின்றனர். கோயமுத்தூரின் பம்புத் தொழில் வார்ப்படச் சாலைகளின் மேல் எழுந்ததே. நாம் இங்குக் கருதுவது அவ்வளவு பெரிய முயற்சியன்று. ஒரு மூசை, ஒரு சிறு உலை, இரண்டு மரப் பெட்டிகள், சிறிது மணல் என்ற அளவில் நடப்பது.

முதலில் பழகுவதற்கு ஏற்ற உலோகம் அலுமினியம். அது 660 டிகிரி செல்சியஸில் உருகும். பித்தளைக்கு 900 டிகிரிக்கு மேலும், வார்ப்பிரும்புக்கு 1,150 டிகிரிக்கு மேலும் வெப்பம் வேண்டும். ஆதலின் இரும்பை இச்சிறு உலையில் முயலவே வேண்டுவதில்லை. அலுமினியத்திலும் எல்லாப் பழையதும் ஒன்றன்று. குளிர்பானக் குவளைகளை உருக்கினால் பெரும் பகுதி கசடாகவே போகும். சன்னல் சட்டத் துண்டுகள் உருகினாலும் அச்சின் மூலை முடுக்குகளில் நன்றாக ஓடுவதில்லை. முன்னரே வார்க்கப்பட்டவையான பழைய பிஸ்டன்களும் எஞ்சின் கூடுகளுமே சிறந்தவை. அவற்றில் சிலிக்கன் கலந்திருப்பதால் உருகிய உலோகம் தடையின்றிப் பாயும்.

அடுத்தது மாதிரி. மரத்தில் கடைந்தும் செய்யலாம். உடைந்த உறுப்பையே ஒட்டி மாதிரியாகக் கொள்வதும் உண்டு. இரண்டாவது வழியைக் கையாள்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அலுமினியம் உறையும்போது 100 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் சுருங்கும். பழைய உறுப்பை அப்படியே அச்செடுத்தால் புதியது சிறுத்துப் போய், துளைகள் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே மாதிரியின் மேல் மக்கு பூசி அளவைக் கூட்ட வேண்டும்; கடைசல் பிடிக்க வேண்டிய முகங்களில் மேலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் விடவேண்டும். பக்கங்கள் செங்குத்தாக இராமல் சற்றே சரிந்திருந்தால்தான் மணலைக் கலைக்காமல் மாதிரியை எடுக்க முடியும்.

மணலில்தான் தொழிலின் உயிர் இருக்கிறது. நுண்ணிய, உப்பற்ற மணலைச் சலித்து, 100 பங்கு எடைக்கு 8 முதல் 10 பங்கு பென்டோனைட் களிமண் சேர்த்து, 3 முதல் 5 பங்கு நீர் தெளித்துப் பிசைய வேண்டும். அளவு கருவிகள் வேண்டுவதில்லை, கையே போதும். ஒரு பிடி மணலை இறுகப் பற்றித் திறந்தால் விரற் பதிவுகள் தெளிவாக நிற்க வேண்டும். அக்கட்டியை இரண்டாக ஒடித்தால் உதிராமல் விளிம்பு கூராக முறிய வேண்டும். உள்ளங்கையில் ஒட்டினால் நீர் மிகுதி. மணல் மீண்டும் மீண்டும் பயன்படுவது. எனவே ஒரு பட்டறைக்குச் சில சாக்குகளே போதும். அதற்காக அனுமதியின்றி ஆற்றில் அள்ளுதல் குற்றமாகும் என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள்.

கீழ்ப்பெட்டியில் மாதிரியை வைத்து, பிரிதூளாக உலர்ந்த செங்கற்பொடி தூவி, மணலிட்டு இடிக்க வேண்டும். பின்னர்ப் பெட்டியைப் புரட்டி, மேற்பெட்டியைப் பொருத்தி, உலோகம் ஊற்றும் வழிக்கு ஒரு கட்டையும், உறையும்போது குறையும் உலோகத்தை ஈடு செய்யும் தேக்கத்திற்கு மற்றொரு கட்டையும் நிறுத்தி, மறுபடியும் இடிக்க வேண்டும். மெல்லிய கம்பியால் ஆங்காங்கே குத்தினால் ஆவி வெளியேறும். பெட்டிகளைப் பிரித்து, கட்டைகளையும் மாதிரியையும் எடுத்து, உலோகம் உட்புகவும் தேக்கத்தை எட்டவும் வாய்க்கால் வெட்டி, மீண்டும் மூடி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். பாரம் இல்லையேல் உருகிய உலோகம் மேற்பெட்டியைத் தூக்கிவிடும்.

உலைக்குத் தீச்செங்கலும் தீக்களிமண்ணும் பூசிய பழைய பீப்பாய் போதும். இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேல மரக் கரி மிகுதியாகக் கிடைக்கிறது. சிறு காற்றூதியுடன் அது நன்றாக எரியும். மூசை கிராஃபைட்டினால் ஆனதாக இருத்தல் நலம். இரும்புக் குவளையை உருகிய அலுமினியம் சிறிது சிறிதாக அரித்துவிடும். ஒருநாள் தூக்கும்போதே அடி பெயர்ந்து விழக்கூடும்.

இனி அபாயங்கள். இவற்றை எழுதத் தயங்குவது தவறு. உருகிய அலுமினியம் பகலொளியில் சிவந்து தோன்றாது. வெள்ளி போல் அமைதியாக இருக்கும். அதனால் அதன் வெப்பத்தைக் கண் ஏமாந்து குறைத்து மதிப்பிடும். அதன் அடியில் ஒரு துளி நீர் அகப்பட்டாலும் அது ஏறத்தாழ 1,700 மடங்கு ஆவியாய் விரிந்து உலோகத்தை முகத்தில் வாரி இறைக்கும். எனவே மூசையில் இடும் ஒவ்வொரு துண்டையும் உலை விளிம்பில் காய்ச்சி உலர்த்தியே இடவேண்டும். சிந்திய உலோகத்தின் மீதோ தீயின் மீதோ நீர் ஊற்றலாகாது. உலர்ந்த மணலே போடவேண்டும். சிமெண்டுத் தரையிலும் ஈரம் உறைந்திருக்கும். உலோகம் பட்டால் அது வெடித்துச் சிதறும். உலர்மணல் பரப்பிய இடத்திலேயே ஊற்றுதல் வேண்டும். பாலியெஸ்டர் ஆடை தோலோடு உருகி ஒட்டும். பருத்தி ஆடை, தோல் மேலாடை, தோற்காலணி, முகக் கவசம் இன்றி எவரும் நெருங்கலாகாது. பித்தளையை உருக்கும்போதும் துத்தநாகம் பூசிய குழாயைச் சுடும்போதும் எழும் வெண்புகையை உட்கொண்டவருக்கு அன்றிரவே குளிர்க் காய்ச்சல் காணும். உலர்ந்த மணலைச் சலிக்கையில் எழும் தூசு ஆண்டுக்கணக்கில் நுரையீரலைக் கெடுக்கும். முகமூடி அணிதல் அவசியம்.

எதை வார்க்கக் கூடாது என்பதும் முக்கியமே. வண்டியின் பிரேக்கு உறுப்பு, விரைந்து சுழலும் கப்பி, அழுத்தம் தாங்கும் கலன் ஆகியவற்றை இம்முறையில் செய்தல் உயிருக்கு உலை வைப்பதாகும். பழைய உலோகத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடுமாதலால், சமையற் பாத்திரமும் குடிநீர்க் குழாயும் வார்க்கலாகாது. பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடம் ஊரில் எங்கேனும் இருப்பின், ஊராட்சி உறுப்பினர்கள் உடனே தடுத்தல் வேண்டும். ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அத்தகைய வேலையைப் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கே விட்டிருக்கின்றன. வார்ப்படப் பட்டறையையும் பள்ளி, கூரை வீடு, வைக்கோற்போர் ஆகியவற்றிற்கு அப்பால் அமைக்கச் செய்வது நல்லது.

முதன்முதலாக வார்த்த உறுப்பை இயந்திரத்தில் மாட்ட வேண்டா. குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே ஊசித் துளைகள் தென்பட்டால் உலோகத்தில் ஈரம் கலந்தது, அல்லது அளவுக்கு மேல் காய்ந்தது என்று பொருள். 700 முதல் 750 டிகிரிக்குள் ஊற்றினால் அது குறையும். தடித்த பகுதியில் குழி விழுந்திருந்தால் தேக்கத்தைப் பெரிதாக்கி அதன் அருகில் வைக்கவேண்டும். ஓரம் முழுமையாக நிரம்பாதிருந்தால் உலோகம் ஆறியிருந்தது, அல்லது ஊற்றியவரின் கை இடையில் நின்றது. அறுத்த துண்டுகள் வீணாவதில்லை. மறுநாள் அவை மூசைக்கே திரும்பும்.